வல்லாரையும் வாசல் செருப்பும்

1

என் அண்ணையின் வலது கால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அண்ணை வரவில்லை, கால் மட்டும்தான். யாழ்ப்பாணத்து உடுவிலில் இருந்து மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே ஒரே வரி: "உதைப் பாத்துச் சொல்லும்."

நான் அப்போது ஆய்வுகூடத்தின் வாசலில் நின்று சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தேன். நோர்வேயின் பேர்கன் நகரத்தில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, பெய்யாவிட்டால்தான் கதைப்பார்கள். வெளியே போட்டு வந்த ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போடுவதற்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குள் போக வேண்டும். ஒற்றைக் காலில் நின்றபடி படத்தைப் பெரிதாக்கினேன்.

பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது உடம்பின் பாரம் இறங்கும் இடத்தில், ஒரு புண். ஓரம் தடித்து வெளிறியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. புண்களின் படங்கள் எனக்குப் புதிதல்ல, அவற்றைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆனால் வேலையில் வரும் புண்களுக்கு இலக்கம் இருக்கும், ஊர் இருக்காது. இந்தப் படத்தில் காலுக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சீமெந்து நிலம் தெரிந்தது.

அண்ணைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து கனகாலம். பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. வெங்காயத் தோட்டத்தில் எதையோ மிதித்திருக்கிறார், என்னத்தை என்று அவருக்கே தெரியாது. மச்சாள்தான் கண்டுபிடித்திருக்கிறார். கூட்டிவிட்ட நிலத்தில் சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்து, வீட்டுக்குள் வெற்றிலை துப்பினீர்களா என்று அண்ணையை நன்றாக ஏசியிருக்கிறார். அண்ணைக்கு வெற்றிலைப் பழக்கமே இல்லை. ஏச்சு முடிந்த பிறகுதான் இருவரும் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஊரில் கேட்பவர்களுக்கு "மருந்து செய்யிறன்" என்று சொல்வேன். அது கொஞ்சம் பெரிய பேச்சு. நான் இந்தக் கட்டடத்துக்கு முதலில் வந்தது கண்ணாடிக் குடுவைகள் கழுவ. பிறகு மொழி படித்து, ஒரு பயிற்சியும் முடித்து, இப்போது குடுவைகளை அழுக்காக்கும் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

எங்கள் குழு வேலை செய்வது வல்லாரையில். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்து நாங்கள் சம்பல் போட்டுத் தின்னும் அதே வல்லாரைதான். புண் ஆற உதவும் சரக்கு அதற்குள் இருக்கிறது. பேர்கனுக்கு அது இலையாக வருவதில்லை. மணமில்லாத வெள்ளைத் தூளாக, சின்னக் குப்பியில் வருகிறது. அதை முதன்முதலில் தராசில் வைத்த அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கிணற்றடியில் செருப்புக் காலால் மிதித்துவிடாமல் தாண்டிப்போன ஒன்று, உடுப்பு மாற்றி, பெயரும் மாற்றிக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது.

சரக்கு நல்லது, போய்ச் சேருவதில்தான் சிக்கல். அதன் மூலக்கூறு பெரியது. தோலோ கொழுப்பால் பூசிய சுவர். சும்மா பூசினால் மருந்து வாசலோடு நின்றுவிடும். புண்ணில் தோல் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆறாத புண்ணில் கிருமிகள் கூடி ஒரு வழுக்கல் படலத்தைக் கட்டி வைத்திருக்கும், அதுவும் ஒரு கதவுதான். புண்ணில் கசியும் நீர் வேறு மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அதனால் மருந்தைச் சுமந்துகொண்டு போக நாங்கள் ஒரு காவி செய்கிறோம். உடம்பின் உயிர்க்கலங்களைச் சுற்றி எந்த வகைக் கொழுப்பு இருக்கிறதோ அதே வகைக் கொழுப்பை எடுத்து, மிகச் சின்ன உருண்டைகளாக்கி, மருந்தை அதற்குள் வைக்கிறோம். ஒரு தலைமயிரின் குறுக்கே இவற்றை வரிசையாக அடுக்கினால் பல நூறு கொள்ளும். நானோ என்று பத்திரிகைகளில் எழுதுவது இந்த அளவைத்தான். உருண்டையைக் கண்டதும் உடம்பு தன் ஆள் என்று வழி விடுகிறது. உள்ளே போனபின் அது மருந்தை மெல்ல மெல்ல இறக்கி வைக்கிறது. இதையெல்லாம் ஒரு களிம்பில் கலந்து, பன்றிக் காதின் தோலிலும், சத்திரசிகிச்சையில் மிஞ்சிய மனிதத் தோல் துண்டுகளிலும் பூசிப் பார்த்திருக்கிறோம். நன்றாகத்தான் போகிறது. நடமாடும் மனிதர் ஒருவரின் காலில் இன்னும் பூசவில்லை.

இலையைப் பற்றி இன்னொன்று. ஒருமுறை ஊரில் இருந்து வரும்போது காய்ந்த வல்லாரை ஒரு பை கொண்டுவந்தேன், ஆய்வுகூடத்தில் காட்டுவதற்கு. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி இது உணவா மருந்தா என்று கேட்டார். இரண்டும் என்றேன். இரண்டும் என்று ஒரு வகை அவர்களிடம் இல்லை. மூளைக்கு நல்லது என்று விளக்கப் போனேன், என் நோர்வேஜிய மொழியில் அது மூளையை மாற்றும் என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்து அறையில் கனநேரம் இருக்க வேண்டியதாயிற்று. பை திரும்பி வரவில்லை.

3

படம் வந்த அன்று பின்னேரம் அண்ணையுடன் கதைத்தேன்.

"நோகுதே அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. நோவே இல்லை. அதுதான் நான் கவனிக்கேல்லை."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"சீனியைக் குறைக்கட்டாம். ஒண்டைவிட்டொருநாள் கட்டு மாத்தட்டாம். காலை ஊண்டாமல் இருக்கட்டாம். தோட்டக்காரன் காலை ஊண்டாமல் வேறை எதை ஊண்டுறது?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். அண்ணை எதையாவது கேட்கப் போகிறார் என்றால் முதலில் இப்படித்தான் செருமுவார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். நான் நோர்வேக்குப் போனபோது வழியனுப்ப வந்தவர், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றுகூடக் கேட்கவில்லை.

"நீங்கள் உங்கை வல்லாரையிலை ஒரு மருந்து செய்யிறியள் எண்டு முந்தி ஒருக்கால் சொன்னனி."

"ஓம்."

"புண்ணுக்குத்தானே?"

"ஓம் அண்ணை. ஆனால் அது இன்னும் ஒருதருக்கும் பூசிப் பாக்கேல்லை."

"அப்ப என்ரை காலிலை பூசிப் பாருங்கோவன். ஒரு சின்னக் குப்பி காணும். ஆரும் இஞ்சாலை வரேக்கை குடுத்துவிடு."

"ஏலாது அண்ணை. அது பிழைச்சுப்போனால் என்ன செய்யிறது? என்ன நடக்கும் எண்டு எங்களுக்கே தெரியாது."

"வல்லாரைதானே."

"வல்லாரைதான். ஆனால் இது அதைவிட உள்ளுக்குப் போகும். போய் என்ன செய்யும் எண்டதுதான் தெரியாது."

அவர் கோபப்படவில்லை. குரலும் மாறவில்லை. "எங்கடை கிணத்தடியிலை நிக்கிற இலை. அதை உங்கை கொண்டுபோய் உருட்டிப்போட்டு, பிறகு எங்களுக்குத் தர ஏலாது எண்டுறது. சரி, வைக்கட்டே."

அதற்குப் பிறகு அவர் ஃபோனுக்கு வரவில்லை. நான் எடுக்கும்போதெல்லாம் மச்சாள்தான். "அவர் படுத்திட்டார்", "அவர் குளிக்கிறார்", "அவரை டொக்டர் எழும்ப வேண்டாம் எண்டவர்." ஒரு காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு வேலையாக இருக்க முடியுமா என்று யோசித்தேன். எனக்கு வலித்தது. நான் பிழை செய்யவில்லை என்று தெரிந்தும் வலித்தது.

4

குழுவின் தலைவியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அதிகம் சிரிக்காத, சுற்றி வளைக்காத பெண். நான் கேட்பது நடக்காது என்று எனக்குத் தெரியும், நடக்காது என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

"உன் அண்ணனுக்கு ஆறினால், எதனால் ஆறியது என்று நமக்குத் தெரியாது," என்றார். "ஆறாவிட்டால், எதனால் ஆறவில்லை என்றும் தெரியாது. கால் போனால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்."

மனிதரில் பூசுவதற்கு அனுமதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம், ஆய்வுகளின் நெறிமுறை பார்க்கும் ஒழுக்கக் குழுவின் மேசையில் கிடந்தது. அங்கிருந்து மருந்து அதிகாரசபைக்குப் போகும், அவர்கள் கேள்வி கேட்பார்கள், நாங்கள் பதில் எழுதுவோம், திரும்பவும் கேட்பார்கள். நான் இந்த நாட்டில் குடியுரிமை எடுத்த காலத்தில் பழகிய ஆட்டம்தான் இது, எனக்கு இதில் குறை இல்லை. ஆனால் முதலில் சேர்க்கப்படும் நோயாளிகள் இந்த நாட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இலை எங்கள் கிணற்றடிக்குப் பழக்கம், மருந்துக்கு விலாசம் பேர்கன். அண்ணை சொன்னது முழுக்கப் பிழையில்லை.

என் மகள் ஒஸ்லோவில் சட்டம் படிக்கிறாள். அவளுக்கு நான் தமிழில் சொல்வேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். பல வருடங்களாக இப்படித்தான், இருவரும் அவரவர் கரையில் நின்று கதைப்பது. மாமாவுடன் கதைக்கக் கூப்பிட்டால் வரமாட்டாள். தன் தமிழ் சின்னப்பிள்ளைத் தமிழ் என்று வெட்கம். மாமாவோ அவள் ஏன் தன்னோடு கதைப்பதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"ஒரு சின்னக் குப்பிதானே, எடுத்து அனுப்பியிருக்கலாமே," என்றாள்.

சட்டம் படிக்கும் பிள்ளை சொல்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன். இங்கே பிறந்த அவளுக்குச் சட்டம் சொந்த வீட்டுக் கதிரை மாதிரி. கொஞ்சம் தள்ளி வைக்கலாம், திருப்பி வைக்கலாம். எனக்கு அது வந்த வீட்டுக் கதிரை, நுனியில்தான் உட்காருவேன். அண்ணைக்கு மருந்து அனுப்பாமல் விட்டது அவருடைய காலுக்குப் பயந்தா, என் கதிரைக்குப் பயந்தா என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும்தான். ஆனால் காலுக்குப் பயந்ததுதான் கூட என்று இன்றும் நம்புகிறேன்.

5

அனுப்பக்கூடியது ஒன்று இருந்தது. இப்படியான புண்ணுக்கு எங்கள் உருண்டைகளையும்விட முக்கியமான வைத்தியம், அதன்மேல் பாரம் இறங்காமல் பார்ப்பது. ஒவ்வொரு அடிக்கும் புண் நசிபட்டால் எந்த மருந்தும் ஒன்றும் செய்யாது. அதற்கென்று செருப்பு இருக்கிறது. அடி தடிப்பு, உள்ளே மெத்தை, புண் இருக்கும் இடத்தில் குழி. மச்சாளிடம் காலின் அளவை ஒரு தாளில் கீறிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செருப்பு செய்வித்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக் கிளினிக் டொக்டரும் பார்த்து, நல்ல செருப்பு, எப்போதும் இதைப் போட வேண்டும் என்று சொன்னாராம்.

"போடுறாரே மச்சாள்?"

"ஓம், ஒருநாளும் விடுறேல்லை. துடைச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறார். உம்மோடை கதைக்கிறேல்லையே ஒழிய, செருப்பிலை நல்ல பட்சம்."

ஆனால் வாரங்கள் போக, வந்த படங்களில் புண் சிறுக்கவில்லை. ஒரு படத்தில் அது பச்சையாக இருந்தது. நான் பயந்துபோய் ஃபோன் எடுத்தேன்.

"அது கிருமியில்லை, இலை," என்றார் மச்சாள். "தங்கச்சி தராட்டி என்ன, இலை இஞ்சைதானே நிக்குது எண்டு அரைச்சு வைச்சுக் கட்டினவர். டொக்டர் கண்டிட்டுக் குடுத்த பேச்சு. உதோடை கிணத்தடி ஊத்தையும் எல்லே உள்ளுக்குப் போகுமாம்."

அந்தப் பேச்சோடு டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். புண் எலும்பைத் தொடப் போகிறது. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் பாதத்தின் முன்பகுதியை வெட்ட வேண்டிவரும். மச்சாள் இதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்து, "வெட்ட" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். நான் அன்றே லீவு கேட்டேன்.

6

உடுவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து, முற்றத்தைத் தாண்டி, படியில் நின்று என் செருப்பைக் கழற்றினேன். கழற்றக் குனிந்தபோதுதான் பக்கத்தில் பார்த்தேன். நான் அனுப்பிய செருப்பு, தூசி துடைத்து, சோடியாக, வெளிப்பக்கம் பார்த்தபடி படியில் இருந்தது.

உள்ளே இருந்து அண்ணை வந்தார். என்னைக் கண்ட முகத்தில் சிரிப்பு, கூடவே அந்த ஃபோன் கோபமும். கட்டுப்போட்ட வெறுங்காலைச் சீமெந்து நிலத்தில் முழுதாக ஊன்றி, நொண்டாமல் நடந்து வந்தார். நொண்டுவதற்கு நோவு வேண்டும்.

"வா பிள்ளை. பிளேன் எல்லாம் நேரத்துக்கே?"

"அண்ணை, செருப்பு?"

"உதிலை இருக்கு. பார், எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறன் எண்டு."

"ஒருநாளும் விடுறேல்லை எண்டு சொன்னியளாம்."

"ஓம். படி இறங்கினால் செருப்புத்தான். ஒருநாளும் விடுறேல்லை."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் கேட்டார், போட்டேன் என்றார் அண்ணை. நான் கேட்டேன், போடுகிறார் என்றார் மச்சாள். யாரும் பொய் சொல்லவில்லை. செருப்பு என்றால் வாசல் மட்டும் என்பது எங்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை, அதனால் யாரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. டொக்டரும் எங்கடை ஆள்தான், அவரும் வீட்டுப் படியில் கழற்றுபவர்தான். போதாததற்கு, வெளியே திரியாமல் வீட்டோடு இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணை சொல் கேட்டு வீட்டோடு இருந்தார். மண்டபத்தில் இருந்து அடுப்படிக் குசினிக்கு, குசினியில் இருந்து சாமியறைக்கு, பகல் முழுக்க வெறுங்காலோடு. எவ்வளவுக்குச் சொல் கேட்டாரோ அவ்வளவுக்குச் செருப்பு வெளியே இருந்தது.

"வீட்டுக்குள்ளையும் போட வேணும் அண்ணை. அதுதான் முக்கியம்."

"வீட்டுக்குள்ளையோ?" அவர் மச்சாளைப் பார்த்தார், நான் ஏதோ கூடாத பேச்சுப் பேசிவிட்டதுபோல. "அம்மா அப்பான்ரை படத்துக்கு முன்னாலை செருப்போடை நடக்கச் சொல்லுறியோ? ஆரும் வந்தால் என்ன நினைப்பினம்? பெரிய துரை எண்டு நினைப்பினம்."

"கால் போகப்போகுது அண்ணை."

"அதுக்குத்தான் மருந்து கேட்டனான்," என்றார்.

அது வெளியே வந்தது நல்லது. அவர் வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ தராதது சரிதான்," என்றார் பிறகு. "டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர். எனக்கு விளங்குது. ஆனால் கோபம் கோபம்தான். உலகத்திலை ஒருதரிட்டையும் கேக்கேல்லை, உன்னட்டைத்தான் கேட்டனான்."

 

7

மாற்றுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு சோடி கொண்டுபோயிருந்தேன். மண் படாத புதுச் செருப்பு, இதை வீட்டுக்கு மட்டும் வைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். புதுச் செருப்பும் செருப்புத்தான் என்றார் அண்ணை. அடுத்த இரண்டு நாளும் வீட்டில் இதே கதை. அவர் எழும்பும்போதெல்லாம் நான் பார்ப்பேன், நான் பார்ப்பதைப் பார்த்து அவர் திரும்பவும் இருந்துவிடுவார், நான் கிணற்றடிக்குப் போனதும் எழும்பி நடப்பார். கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்கு ஃபோன் எடுத்து முறையிட்டேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்குத் தராத அந்த உள்சப்பாத்தை மாமாவுக்குக் கொடு," என்றாள்.

அது அவள் பாலர் பள்ளிக்குப் போன முதல் மாரியில் நடந்தது. பிள்ளைக்கு உள்ளே போட ஒரு சோடி சப்பாத்து அனுப்புங்கள் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு மொழி அரைகுறை, உள்ளே போடச் சப்பாத்தா, கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள் ஆக்கும் என்று நானே முடிவெடுத்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மெத்தென்ற துணிச் சப்பாத்தோடு ஓட, இவள் மேசோடு, வெறும் காலுறையோடு, வழுக்கி வழுக்கி ஓடியிருக்கிறாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

துணிச் சப்பாத்து. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் யோசித்தேன். நாங்கள் ஆய்வுகூடத்தில் இதைத்தானே செய்கிறோம். தனியே போனால் வாசலில் நிற்கும் ஒன்றை, அந்த வீட்டுக்குப் பழக்கமான ஒன்றால் சுற்றி அனுப்புகிறோம். மச்சாளிடம் சொன்னேன், அந்தப் புதுச் செருப்பைத் துணியால் மூடித் தைத்தால் என்ன என்று. அவர் உடனே அலுமாரியைத் திறந்து, அண்ணை கோயிலுக்குக் கட்டிப் பழசான வேட்டி ஒன்றை எடுத்தார். கரையை வெட்டித் தனியே வைத்தார். தையல் மெஷினில் குந்தியவர் மத்தியானச் சமையலுக்குத்தான் எழும்பினார். அடித்துணி நிலத்தில் வழுக்கும் என்று நான் பயந்தேன். சைக்கிள் ரியூப்பில் துண்டுகள் வெட்டி அடியில் ஒட்டினோம். கடைசியில் அது ஒரு வெள்ளைப் பொதிமாதிரி இருந்தது. வடிவென்று சொல்ல முடியாது.

"இந்தாங்கோ," என்று மச்சாள் அதை அண்ணையின் முன்னால் வைத்தார். "மேசு. வீட்டுக்குள்ளை மேசு போடலாம்தானே."

அண்ணை கையில் எடுத்து அமத்திப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன? வெளியிலை உங்கடை வேட்டிதானே."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணை கதிரையில் உட்கார்ந்து, முதலில் நல்ல காலிலும் பிறகு மற்றக் காலிலும் அதைப் போட்டார். எழும்பி, குசினி வரை போய்த் திரும்பி வந்தார். அம்மா அப்பாவின் படத்தைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடந்தார். சாமியறைக்குள் மட்டும் அதோடும் போகமாட்டேன் என்றுவிட்டார். அந்த வாசலில் ஒரு கதிரை போட்டோம், அதில் இருந்தபடியே கும்பிடட்டும் என்று.

உடம்பு எங்கள் கொழுப்பு உருண்டைகளிடம் ஏமாறுகிறது என்று நான் பலபேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. உடம்பும் தெரிந்துகொண்டுதான் வழி விடுகிறதோ என்னவோ.

அந்தக் கிளினிக் நாளுக்கு நான் நின்றேன். டொக்டர் புண்ணைக் கழுவி, தடித்த ஓரங்களை வெட்டி, வெள்ளைப் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவரை கேட்காததைக் கேட்டார்: வீட்டுக்குள் என்ன போடுகிறீர்கள் என்று. பிறகு, சரி, வெட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், ஆனால் அதிக காலம் தள்ள முடியாது என்றார். எனக்கு லீவு முடிந்துவிட்டது.

8

பேர்கனில் அதே மழை. ஒழுக்கக் குழுவில் இருந்து கேள்விகள் வந்தன, பதில் எழுதினோம். பன்றிக் காதின் தோலுக்குள் மருந்து எவ்வளவு தூரம் போகிறது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். மச்சாளின் படங்கள் வந்தன. புண் சிறுப்பதுபோல இருந்தது. அப்படி நினைக்க ஆசைப்படுகிறேனோ என்றும் இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மகள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் "மாமாவின் மேசு எப்படி?" என்று கேட்பாள். அந்த மூன்று சொல்லையும் தமிழில் கேட்பாள்.

முடிவு சொல்லும் நாள் எனக்கு ஆய்வுகூடத்து வாசலில் விடிந்தது. சப்பாத்து மாற்றிக்கொண்டு நிற்கும்போது ஃபோன் அடித்தது. மச்சாளின் இலக்கம், ஆனால் குரல் அண்ணையுடையது.

"பிள்ளை, வெட்டத் தேவையில்லையாம்."

மற்றக் காலின் ஈரச் சப்பாத்தைக் கழற்றாமல் விட்டுவிட்டேன்.

"கேக்குதே? புண் மூடிக்கொண்டு வருதாம். இன்னும் கொஞ்சநாள் கவனமாய் இருக்கட்டாம். இப்ப ஓட்டோவிலை வந்து படலையிலை இறங்கிறன். உன்னட்டைச் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போவம் எண்டு."

"நல்லது அண்ணை," என்றேன். 

"உன்ரை மருந்து எந்தளவிலை நிக்குது?"

"இன்னும் செல்லும் அண்ணை. அனுமதி வந்தால் முதல் ஆளுக்குப் பூசுவினம்."

"ஆற்றை காலிலை?"

"தெரியாது. ஆரோ இங்கத்தை ஆள்."

"ஆரெண்டாலும் நல்லாயிருக்கட்டும்," என்றார் அண்ணை. "அந்தாளுக்குச் சொல்லு, வீட்டுக்குள்ளையும் போடட்டாம் எண்டு. சரி, வைக்கட்டே."

வைக்கவில்லை. நிறுத்த மறந்து சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார் போல. படலை திறக்கும் சத்தம் கேட்டது. முற்றத்து மணலில் செருப்புச் சத்தம். பிறகு படி. ஒரு செருப்பு கழன்று விழுந்தது, மற்றதும் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறுங்கால் நடந்தால் சத்தம் கேட்காது. நான் ஃபோனைக் காதோடு அமத்தினேன்.

"மற்றதைப் போடுங்கோ," என்றது மச்சாளின் குரல்.

"போடுறன், போடுறன். கதிரையைத் தள்ளும்."

கதிரை இழுபட்டது. கொஞ்சநேரம் கழித்து, வேட்டித் துணி சீமெந்து நிலத்தில் உரசத் தொடங்கியது. வாசலில் இருந்து மண்டபம், அம்மா அப்பாவின் படம், பிறகு குசினிப் பக்கம். ஒரு காலில் ஈரச் சப்பாத்தும் மற்றக் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக நின்று நான் அழுதேன். அந்தக் கால் உள்ளே போய்ச் சேரும் மட்டும் கேட்டுவிட்டுத்தான் ஃபோனை வைத்தேன்.